கிழக்கு பார்த்த பலகை

எங்கள் பறவை ஆர்வலர் சங்கம் வைத்த முதல் மூன்று தகரப் பலகைகளும் இன்றைக்கும் நல்ல பயன்பாட்டில்தான் இருக்கின்றன. ஒன்று கோழிக்கூண்டுக்குக் கூரை. இன்னொன்றின் மேல் நெத்திலி காய்கிறது. மூன்றாவது எங்கே போயிற்று என்று நெடுநாள் தெரியவில்லை. ஒரு நாள் ஈசிஆரில் என் பஸ்ஸுக்கு முன்னால் போன மீன் வண்டியின் பின்தடுப்பில் 'அமைதி காப்பீர், பறவைகள் ஓய்வெடுக்கின்றன' என்று படித்தேன். வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. மூன்று பலகைகளின் வாசகமும் நான் எழுதியது. ஒற்றுப் பிழைகூடக் கிடையாது.

ஒற்றுப் பிழையைப் பற்றி நான் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நைனா மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. அதனாலோ என்னவோ, எழுதி வைத்ததை உலகம் படிக்கும், படித்தால் அதன்படி நடக்கும் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் அதிகம். தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரர்களுக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை என்பதைச் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்.

சேர்ந்ததும் ஓர் எழுத்தால்தான். பொத்தேரியில் மாணவர் விடுதிகளுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். சங்கத்தின் செயலாளர் ஒரு கல்லூரி ஆசிரியை. பறவைப் பட்டியல் ஒன்றை ஸ்பைரல் பைண்டிங் போடக் கொண்டுவந்தார். ஓட்டை போடும்போது கண்ணில் பட்டது. கடல் பறவைகள் பக்கத்தில் 'பெரிய ஆளா, சின்ன ஆளா' என்று இருந்தது.

"மேடம், இது ஆலா. இப்படிப் போட்டா வர்றவனப் பாத்து நீ பெரிய ஆளான்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றேன்.

"உனக்குப் பறவையெல்லாம் தெரியுமா?" என்றார்.

பறவை தெரியாது, தமிழ் தெரியும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், இரவல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு ஏரிக்கரையில் நின்றேன். சங்கத்துக்குத் தமிழில் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. தமிழைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது நான்காவது பலகையைப் பற்றி.

திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. சரியாக எங்கே என்று சொல்ல மாட்டேன். கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது சங்க விதி. வாட்ஸ்அப் குழுவிலேயே 'இடம் நான்கு' என்றுதான் எழுதுவோம். பக்கத்துக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

போன வருஷம் வைகாசி கடைசியில் அந்தத் திட்டில் சின்ன ஆலாக்கள் இறங்கின. உள்ளங்கையில் அடங்குகிற பறவை. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. கூடு என்று பேருக்குத்தான் சொல்கிறோம். வெறும் மணலில் நெஞ்சால் ஒரு குழி செய்து அதில் இரண்டு முட்டை வைக்கும். முட்டை மணல் நிறம், மேலே அழுக்குப் புள்ளி. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. அதுதான் அதன் பாதுகாப்பு, அதுதான் அதன் ஆபத்தும். மனிதன் காலில் மிதிக்கும்வரை அது முட்டை என்று அவனுக்குத் தெரியாது.

பதினாலு கூடு எண்ணினோம். அடுத்த ஞாயிறு போனபோது திட்டின் குறுக்கே மோட்டார் சைக்கிள் தடம், எட்டு போட்ட மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. விடுமுறைக்கு வந்த பையன்கள் மணலில் வண்டி ஓட்டி வீடியோ எடுத்திருக்கிறார்கள். மூன்று கூடுகள் தடத்துக்குள் இருந்தன. ஒரு தாய் ஆலா, தட்டையாகிப் போன குழியின் மேல் அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தது. மீதிப் பதினொன்று. அவை பொரித்து, குஞ்சுகள் பறந்து போகும்வரை ஆறேழு வாரம் அந்த மணலில் ஒரு சக்கரமும் படக் கூடாது. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவசரக் கூட்டம் போட்டோம். அவசரக் கூட்டத்துக்குத் தேதி குறிக்க ஐந்து நாள் ஆனது. தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர். எதையும் சுமை தாங்கும் திறனிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

"தகரம் வச்சோம், தூக்கிட்டுப் போனாங்க. ஃப்ளெக்ஸ் வச்சா அன்னிக்கே போயிடும். தூக்க முடியாத மெட்டீரியலா இருக்கணும்" என்றார்.

"கல்லு வச்சா?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது. "எங்க அப்பா மாமல்லபுரத்துல கல் வேலைதான் சார்."

அதுவரை சங்கத்தில் யாருக்கும் அதை நான் சொன்னதில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சிற்பியோட பையனா நீ? சொல்லவே இல்லையே" என்றார் செயலாளர். பாலிஷ் போடுகிறவர் மேடம் என்று திருத்துவதற்குள், பல்லவர் காலத்திலிருந்து பேச்சு ஆரம்பித்துவிட்டது. எழுத்துப் பிழை என்றால் உடனே திருத்திவிடுவேன். இதை அன்று திருத்தவில்லை.

பதினைந்து வரியில் வாசகம் எழுதினேன். பறவையின் அறிவியல் சிறப்பு, இனப்பெருக்கக் காலம், சட்டப்படி எத்தகைய குற்றம், பொதுமக்களுக்கு வேண்டுகோள், கடைசியில் சங்கத்தின் பெயர். மேலே ஆலாவின் உருவம் சின்னதாக வர வேண்டும். படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து நைனாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பட்சி இது?"

"ஆலா நைனா."

"தெரிது. கடலாண்ட போவுமே அதானே. அத்துக்கு எதுக்குக் கல்லு?"

"முட்டைய யாரும் மிதிக்கக் கூடாதுன்னு எழுதி வெக்கப் போறோம்."

"முட்ட போட்டது அதுவே பேசாம கீது. நீங்கோ ஏன்டா இம்மாம் பேசறீங்கோ" என்று பதினைந்து வரியை விரலால் அளந்தார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பட்டறைல ஒரு தூணு கழிச்ச கல்லு கெடக்குது. கேக்கறேன்" என்றார்.

அவரும் அவருடைய கூட்டாளியான சிற்பி ஒருவரும், வேலை முடிந்த சாயங்காலங்களில் நான்கு நாள் அதில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். ஓட்டல் வாசலுக்குப் போகக் காத்திருந்த புத்தர்களின் வரிசையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல் நின்றது. கண்ணாடி மாதிரி பாலிஷ். முக்கால் கல்லுக்கு ஓர் அன்னப்பட்சி. கழுத்தை வளைத்து, மூக்கில் முத்துச் சரத்தைக் கவ்விக்கொண்டு, வால் கொடியாகச் சுருண்டு, கோயில் தூணிலிருந்து நேராக இறங்கி வந்த அன்னம். அதன் காலடியில் கிடைத்த இடத்தில் ஒரே ஒரு வரி: 'இங்கே முட்டை உள்ளது. மிதிக்காதீர்.'

"நைனா, இது அன்னம்" என்றேன்.

"ஆமா."

"நான் குடுத்தது ஆலா."

சிற்பி பீடியை ஓரமாக வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். "தம்பி, நீ குடுத்த பட்சிக்கு மூக்கு ஊசியாட்டம் கீது, ரெக்க கத்தியாட்டம் கீது. காயிதத்துல நிக்கும். கல்லுல நிக்குமா? வண்டில ஏத்தச் சொல்லவே மூக்கு பூடும். மூக்கு போன பட்சிய நட்டு வெச்சிகினு நீ இன்னா பண்ணுவ? அன்னம்னா கழுத்த வளச்சி ஒடம்போட ஒட்டிடலாம். ஆயிரம் வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது."

"பதினஞ்சு வரி எழுதிக் குடுத்தேனே."

"படிச்சோம். எங்க ஆளு ஒருத்தன் படிச்சுக் காட்டினான். அத்த நின்னு படிச்சி முடிக்கறதுக்குள்ள குஞ்சு பொரிச்சிடும்."

நைனா சிரிக்கவில்லை. துணியால் அன்னத்தின் முதுகைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "நல்லால்லியா?" என்றார். அந்த நான்கு சாயங்காலமும் அவர் முழங்கால் வலியோடு குந்தி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஸோக்கா கீது நைனா என்றேன். அது உண்மைதான். அதுதான் பிரச்சினை.

கல்லின் படத்தைக் குழுவில் போட்டேன்.  முதலில் ஒரு டாக்டர், "தமிழ்நாட்டில் அன்னம், முதல் பதிவு. வாழ்த்துகள்" என்று போட்டார். இன்னொருவர் வாலைப் பார்த்து மயில் என்றார். மூன்றாமவர் உலகப் பறவைப் பட்டியலில் அன்னம் எந்தக் குடும்பத்தில் வரும் என்று கேட்க, அதற்கு உண்மையாகவே பதில் சொல்ல நான்கு பேர் முன்வந்தார்கள். பாலையும் நீரையும் பிரிக்கும் திறன் கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டதா என்பதுவரை போயிற்று. தலைவர் மட்டும் கடுமையாக எழுதினார்: "தவறான இனத்தின் படத்தோடு சங்கத்தின் பெயர் வர முடியாது." சங்கத்தின் பெயர் கல்லில் எங்கேயும் இல்லை என்பதை நான் தெரிவித்தேன். அது அவரை இன்னும் கோபப்படுத்தியது. கடைசியில் செயலாளர்தான், "முட்டை காத்துக்கிட்டு இருக்காது. வச்சுடுவோம், அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்று முடித்தார்.

கல்லைத் திட்டுக்குக் கொண்டுபோவது எங்களால் ஆகிற வேலையில்லை. குப்பத்து ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். கல்லைக் கயிற்றில் கட்டி, இரண்டு மூங்கிலைச் செருகி, தோளில் தூக்கினார்கள். அவர்கள் தூக்கிப் பழகியது ஒன்று படகு, இன்னொன்று சாமி. இது படகு மாதிரி இல்லை. அதனால் நடை தானாகவே சாமி தூக்குகிற நடையாகிவிட்டது. ஒருவர் முன்னால் நடந்து வழி விலக்கினார். நான் முட்டைக் குழிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, "இந்தப் பக்கம் வராதீங்க, இந்தப் பக்கம் வராதீங்க" என்று இன்னும் முன்னால் ஓடினேன். மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டு எங்கள் தலையில் எச்சமிட்டன. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

குச்சிகளைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால், கல் நட்டாகிவிட்டது, கடலைப் பார்த்து.

"அண்ணே, ரோடு அந்தப் பக்கம். வண்டிக்காரப் பசங்க மேற்கேர்ந்துதான் வருவாங்க. எழுத்து அவங்களுக்குத் தெரியணும்" என்றேன்.

"கல்லு கெழக்கத்தான் பாக்கணும் தம்பி. எங்கனாச்சும் மேற்க பாத்து நட்டு பாத்துகிறியா?" என்றார் வழி விலக்கியவர். மற்ற ஐந்து பேரும் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என்னாலும், பின்னாலேயே வந்திருந்த தலைவராலும் அதை ஒரு விரல்கூட அசைக்க முடியவில்லை. சுமை தாங்கும் திறன் நன்றாகத்தான் இருந்தது. இப்படியாக, எங்கள் நான்காவது பலகை வங்காள விரிகுடாவைப் பார்த்து, இங்கே முட்டை உள்ளது என்று சொல்லிக்கொண்டு நின்றது.

மூன்று நாள் கழித்துப் போனேன். அன்னத்தின் நெற்றியில் மஞ்சள், நடுவில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லி. இடுப்பில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. திட்டு தொடங்கும் இடத்தில் இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. இரண்டு பெண்கள் முட்டைக் குழிகளை ஒதுக்கி ஒதுக்கிக் கால் வைத்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்போது மேற்கிலிருந்து மூன்று மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு வந்தன. முதல் வண்டிக்காரன் மஞ்சள் துணியைப் பார்த்தான், நிறுத்தினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், திருப்பினான். மற்ற இரண்டும் அவன் பின்னாலேயே போய்விட்டன. பதினைந்து வரியில் நான் சொல்ல நினைத்த அத்தனையும் அவனுக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது.

"இது யாரு சாமி?" என்று அந்தப் பெண்களைக் கேட்டேன். மூத்தவர் கோவளம் பக்கம் மீன் கொண்டுபோய் விற்கிறவர். குப்பத்தில் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள்.

"ஆலாத்தா" என்றார், இது தெரியாதா என்பது போல. "கடல்ல மீனு எங்க கீதுன்னு காட்டறது ஆலாதானே. அது எறங்கற எடம் பாத்துத்தானே எங்க வூட்டு ஆம்பளைங்கோ வல போடறாங்கோ. அதுங்களோட ஆத்தா."

கல்லூரியில் மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி நான் பேசிய பேச்சுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருக்கிறேன். பதினொரு கூடுகளையும் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றும் இருந்தன. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

சங்கத்தில் கொண்டாட்டம். தவறான இனத்தை யாரும் இப்போது பேசவில்லை. தலைவர் ஓர் அறிக்கை தயாரித்தார். 'உள்ளூர் மக்களின் பங்கேற்போடு கூடிய வாழிடப் பாதுகாப்பு மாதிரி' என்று தலைப்பு. அதைப் பைண்டிங் போட்டது நான்தான். அறிக்கையில் ஆலாத்தா என்கிற பெயர் வரவே இல்லை. 'கலாச்சாரக் குறியீடு' என்று ஓர் இடத்தில் இருந்தது.

ஒரு வாரம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. பிறகு வெள்ளிக்கிழமைப் படையல் ஆரம்பித்தது. வாழை இலையில் சோறு, வறுத்த மீன், ஒரு வெள்ளிக்கிழமை முட்டைகூட. முட்டை வைத்தவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. சோற்றுக்குக் காக்கை வந்தது. முதலில் நாலு, அடுத்த வாரம் முப்பது. சோறு தீர்ந்த பிறகும் காக்கைகள் போகவில்லை. திட்டில் நடந்து நடந்து பார்த்தன. மனிதன் கண்ணுக்குத் தெரியாத முட்டை காக்கைக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று, மூக்கில் முட்டையோடு என் தலைக்கு மேல் பறந்து போனது. பதினொன்று எட்டானது. எட்டு ஏழானது. அந்த ஏழில் குஞ்சுகள் பொரித்திருந்தன. பஞ்சு உருண்டைகள் மாதிரி மணலில் ஓடின, நிழல் கண்டால் அப்படியே படுத்துக்கொண்டன. பறக்க இன்னும் மூன்று வாரமாவது வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் குப்பத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆடி முதல் வெள்ளி ஆலாத்தாவுக்குக் கூழ் வார்த்தல், மைக் செட், வாணவேடிக்கை. இடம், சங்கம் ரகசியமாக வைத்திருந்த இடம் நான்கு. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. குப்பமே அந்த மணலில் நின்றால் ஒரு குஞ்சும் மிஞ்சாது.

குழுவில் தலைவர், மேலிடத்துக்கு மனு எழுதலாம் என்றார். செயலாளர், குப்பத்துப் பெண்களுக்கு ஒரு விழிப்புணர்வுப் பயிலரங்கம் நடத்தலாம், ப்ரொஜெக்டர் தன்னிடம் இருக்கிறது என்றார். இரண்டுக்கும் தேதி பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த அவசரக் கூட்டத்தின் ஐந்து நாள் ஞாபகம் வந்தது. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். அவர் மகள் பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள், பன்னிரண்டாவது படிக்கிறவள்.

"அக்கா, அது சாமி இல்ல. அறிவிப்புப் பலகை. எங்க அப்பா பட்டறையில செஞ்சது. கீழே எழுதியிருக்கும்" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார், சீவுவதை நிறுத்தாமல். "நட்ட அன்னிக்கே எம்பொண்ணு படிச்சிட்டா. முட்ட கீது மிதிக்காதேன்னு போட்டுகீது. அத்த எங்களுக்குத்தானே எழுதினீங்கோ, கடலப் பாத்து? வேற யாரு படிப்பா?"

நானும் வாசலில் உட்கார்ந்தேன்.

"நீ மிதிக்காதன்ன, நாங்கோ மிதிக்கல. செருப்புகூடப் போட்டுகினு போவல. மேல கும்பிடறோம். அதுல உனுக்கு இன்னா நோவுது?"

"படையல் வைக்கறதால காக்கா வருதுக்கா. காக்கா முட்டைய எடுத்துட்டுப் போவுது. குஞ்சையும் எடுக்கும்."

"படையலுக்குக் காக்கா வராம? காக்கா எடுக்கலன்னாதான் கொற. வரலன்னா நாங்கோ கூப்புட்டுகினு நிப்போம்."

"ஆமாம்மா. நீ கூப்புட்ட, அது வந்துச்சு. இப்ப போவ மாட்டேங்குது" என்றாள் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அறிவியல் நிறைய மனப்பாடமாகத் தெரியும். அதில் ஒரே ஒரு விஷயம்தான் அந்த வாசலில் செல்லும் என்று தோன்றியது. "அக்கா, ஆலா தரையில சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?" என்றேன்.

அவர் யோசித்தார். "இல்ல. தண்ணில பாஞ்சுதான் எடுக்கும்."

"அப்ப ஆலாத்தாவுக்கு மட்டும் ஏன் தரையில இலை போடறீங்க? தண்ணியிலதானே விடணும்?"

கத்தி நின்றது. "அது சரிதான்" என்றார் மெதுவாக. "இத்தினி நாளு அத்துக்குக் காட்டிட்டு காக்காவுக்குக் குடுத்துகினு கீறோம்."

பாதி ஆனது. மீதிப் பாதிக்கு நான் சொன்னதை இன்றுவரை சங்கத்தில் சொல்லவில்லை. என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, தீட்டு அது இது என்று அம்மா அவளை மூலையில் உட்கார வைத்ததற்கு, எங்கள் வீட்டில் சண்டை போட்டவன் நான். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். அதே நான் இந்த மீன்கார அக்காவைப் பார்த்து, "குஞ்சு பொரிச்சிருக்குக்கா. புள்ள பெத்த வீட்டுல யாராவது திருவிழா வைப்பாங்களா? தீட்டு இல்லையா?" என்றேன்.

மகள் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். 'நீயெல்லாம் படிச்சவனா' என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அக்கா அதைக் கவனிக்கவில்லை. மடியில் கை துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "ஆமா தம்பி. யாருமே நெனைக்கலியே. எத்தினி நாளு?" என்றார்.

"கடைசிக் குஞ்சு பறக்கற வரைக்கும்."

"அத்த யாரு பாத்துச் சொல்லுவா?"

நான்தான் என்றேன். கணக்குப் போட்டு ஒரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன், ஆடியிலேயே பின்னால் வருவது. அன்றிலிருந்து குப்பத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒரு பெரியவர் தன் பேரனுக்குப் பெண் பார்க்கப் போவதற்கு நாள் கேட்டார். எனக்குத் தெரியாது என்றால், "ஆலாத்தா பூசாரி நீதானேப்பா" என்றார். படையல் இலைகள் அலையில் மிதந்து போயின. காக்கைகள் ஒரு வாரம் பார்த்துவிட்டு மீன் ஏலம் விடும் இடத்துக்குத் திரும்பின. ஏழு கூட்டுக் குஞ்சுகளில் ஒன்பது தேறின. ஒவ்வொன்றாகப் பறக்கவும் ஆரம்பித்தன.

நான் குறித்த வெள்ளிக்கிழமை வந்தது. எட்டுதான் பறந்திருந்தன.

ஒன்பதாவது, கல்லின் நிழலில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டது, இரண்டு அடி எம்பியது, மூக்கு மணலில் குத்தி விழுந்தது. விடியற்காலையிலிருந்து நான் மணலில் படுத்து பைனாகுலரில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுக்கு வெளியே பெண்கள் தலையில் கூழ்ப் பானையோடு நின்றார்கள். மைக் செட்காரர் ஒயரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா தம்பி, ஆச்சா?"

"ஒண்ணு பாக்கி."

"ஒண்ணுதானே. அத்த கையில எடுத்து அந்தாண்ட உட்டா?" என்றார் மைக் செட்காரர். "எனக்கு இன்னொரு கோயில்ல டூட்டி கீது. பேஜாரு பண்ணாதீங்கோ."

கல்லை நட்ட அன்று வழி விலக்கியவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "நீ ஆச்சின்னு சொல்லிடேன். யாருக்குத் தெரியப்போது?" என்று காதோடு சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். பைனாகுலர் என்னிடம்தான் இருந்தது. ஆச்சு என்று நான் சொன்னால் ஆச்சு. இத்தனை நாள் எழுதி எழுதி யாரும் கேட்காத எனக்கு, ஒரு வார்த்தையில் ஒரு குப்பமே நடக்கும் நிலைமை வாய்த்திருந்தது. எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, "இன்னிக்கு ஆவல. நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

யாரும் திட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அக்கா பானையை இறக்காமலே திரும்பி நடந்தார். "புள்ள பெத்தவளாண்ட சீக்கிரம் எழுந்திரின்னா கேக்கறது?" என்று மைக் செட்காரரைப் பார்த்து மட்டும் சொன்னார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

சனிக்கிழமை வெயில் ஏறியபோது குஞ்சு ஓடியது, எம்பியது, விழவில்லை. உப்பங்கழியின் மேல் தாழ்வாக, இடதும் வலதுமாகத் தள்ளாடிப் போய், தாய் கத்திய பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன். "போச்சா?" என்று அக்கா கேட்டார். போச்சி என்றேன். ஒலிபெருக்கி அந்த நொடியே அலறத் தொடங்கியது. குழுவில் 'ஒன்பது' என்று அனுப்பினேன். ஆதாரப் படம் எங்கே என்று தலைவர் கேட்டார். படம் எடுக்கவில்லை, அதற்குள் என் கையில் சொம்பு இருந்தது. ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்த கூழ், பல் கூசும் அளவுக்குப் புளித்திருந்தது. உன்னால்தான் என்று மூன்றாவது சொம்பையும் என்னையே குடிக்க வைத்தார்கள்.